கௌண்டின்ய கோத்திரமும் மயக்க மருந்தும்

மாடுங்கா, பம்பாய்
12-2-1965

சௌபாக்கியவதி வாலாம்பாளுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் டாக்டர் சொல்கிறார், படித்தவர் சொல்வதால் அப்படியே எழுதுகிறேன். மாப்பிள்ளை, குழந்தைகள் சௌக்கியத்துக்கும் உன் வயிற்று வலி எப்படி என்பதற்கும் பதில் போடவும். என் தந்தியைப் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. பித்தப்பைக் கல்லுக்கு மாதக் கடைசியில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள், பெரிய டாக்டரிடம் போய் அப்பா தந்தி அடித்திருக்கிறார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, விஷயம் என்னவென்று விளங்க எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். நியாயம்தான். உனக்கு ஆபரேஷன் இருக்கும் என்று நீ முன்னமே எழுதியிருந்ததை நினைத்து 'அப்பா பிழைத்தார், மயக்க மருந்து வேண்டாம், கடிதம் வருகிறது' என்று நான் அடித்தது, எனக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரியாத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தந்தி ஆபீஸிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது. திரும்பிப் போய் இன்னொரு தந்தி அடித்தால் இன்னும் பயப்படுவாயோ என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். எனக்கு வெகு நாளாக ஹெர்னியா உண்டு, உனக்கு எழுதவில்லை, எழுதுகிற இடத்து வியாதியாக அது இல்லை. பொங்கல் கழிந்ததும் செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, மூச்சையும் நானாக விடவில்லை. மயக்க மருந்து டாக்டர் நஜிமுதீன் ஒரு ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி எனக்காக விட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் கேட்டது. கத்தி பிடித்த டாக்டர், ஆபரேஷன் முதல் தரமாக நடந்திருக்கிறது, நோயாளிதான் மூச்சு விட மாட்டேன் என்கிறார் என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டு கை கழுவப் போனார். நஜிமுதீன் போகவில்லை. அவருடைய மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று நர்ஸ் வந்து வந்து சொன்னாள். என்னால் அவருக்கு இவ்வளவு சிரமமா என்று எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. சாயங்காலம் மூச்சும் பேச்சும் திரும்பியதும் முதலில், சாப்பாட்டு வேளையைக் கெடுத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கடையநல்லூர்க்காரர், நல்ல தமிழ். ஆபரேஷனுக்காகத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து போடுவார்களாம். அதைக் கரைத்துத் தள்ளும் சரக்கு எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறதாம், சில நிமிஷத்தில் மருந்து போய்விடுமாம். என் ரத்தத்தில் அந்தச் சரக்கு பிறவியிலேயே கோளாறு, அதனால் மருந்து உள்ளேயே தங்கிவிட்டது. இது குடும்பத்தில் வருவது, உங்கள் ரத்த சொந்தங்களைக் கூட்டிவாருங்கள், பரிசோதித்துவிடுகிறேன் என்றார். ரத்த சொந்தம் என்றால் யார் யார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பி.ஏ. படித்தவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து முறையாக யோசித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் உனக்கு இந்தப் பேச்சு எழுதுவதைப் பொறுத்துக்கொள், எனக்கு வேறு அளவுகோல் தெரியவில்லை, யார் போனால் யாருக்குப் பத்து நாள் தீட்டோ அவர்கள் ரத்த சொந்தம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். உன் அத்தையும் நீயும் கல்யாணமாகி வேறு கோத்திரம் போனவர்கள், மூன்று நாள்தான், ஆகவே இல்லை. உன் அம்மா தாலி கட்டிய அன்றே நம் கோத்திரத்துக்கு வந்துவிட்டாள், ஆகவே உண்டு.

சரிதானா என்ற சந்தேகத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி கிட்டுவைக் கேட்டேன். உனக்குத்தான் அவனைத் தெரியுமே, ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் பஜனை சமாஜம் முழுவதும் அதில் சேர்ந்துவிடும். தீட்டு என்ன அண்ணா தீட்டு, ரிஷி ஒருத்தர்தானே என்று சொல்லி, மாடுங்காவில் உள்ள கௌண்டின்ய கோத்திரக்காரர் அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்நானம் செய்து வெறும் வயிற்றோடு செம்பூருக்கு வரச் சொல்லிவிட்டான். பஸ்ஸில் பாதி நாங்கள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இடமில்லை. எந்தக் கையில் ரத்தம் எடுப்பது, எடுக்கும்போது பூணூல் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் நடந்தது. ஒரு தெலுங்குக்காரரும் வந்திருந்தார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று டாக்டர் கேட்டார். இன்று காலைதான் பார்த்தேன், ஆனால் ரத்த சொந்தம் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. உன் அத்தை இவர்கள் எல்லோருக்கும் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே வரக்கூடாதென்று வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டு, வந்த ஆண்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றார். கிட்டுவுக்கு அது அவமானமாகப் போய்விட்டது, நம்ம ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம், கேட்டேளா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருவருக்கு மட்டும் பாதிக் கோளாறு இருந்தது. அது உன் அம்மா. டாக்டர் என்னை உட்கார வைத்து, "பெரியவரே, ஒங்க வீட்டம்மா ஒங்களுக்குச் சொந்தமா, அசலா?" என்று கேட்டார். சொந்தம்தான், ஆனால் பிறப்பில் ரத்த சொந்தம் கிடையாது, வேறு கோத்திரம், என் மாமா பெண் என்றேன். "மாமான்னா அம்மாகூடப் பொறந்தவரா?" ஆமாம் என்றேன். "அப்ப அதுல ஓடுறது ரத்தம் இல்லாம என்ன, ரசமா?" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமுமாகப் போட்டு விளக்கினார். தெலுங்குக்காரர் அதில் எங்கேயும் இல்லை. வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்தவள் எனக்குப் பக்கத்திலேயே இருந்தாள். எனக்கும் உன் அம்மாவுக்கும் கீழே ஒரே ஒரு வட்டம், அது நீ. என்னிடமிருந்து ஒரு பங்கு கட்டாயம் உனக்கு வந்திருக்கிறதாம். அம்மாவின் பங்கும் வந்திருந்தால் நீயும் என்னைப்போலத்தான், அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அன்றே அத்தையைக் கூட்டிப்போய்க் காட்டினேன், அவளுக்கு முழுதாக என்னைப்போல. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீ எனக்கு ரத்த சொந்தமாம் என்றேன். "இத்தனை வருஷமா நான் யாருன்னு நெனச்சிண்டிருந்தேள்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஆகவே நீ செய்யவேண்டியது. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், தந்தியில் நான் எழுதியது தப்பு, மயக்க மருந்தும் வேண்டியதுதான். கூடாதது ஒரு மருந்து மட்டும், சக்ஸமெத்தோனியம் என்று பேர், டாக்டர் நஜிமுதீன் தம் கையாலேயே இங்கிலீஷில் எழுதிய சீட்டு இத்துடன் இருக்கிறது. பரிசோதனைக்கு அங்கே வசதி இல்லாவிட்டால், கோளாறு இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேறு மருந்து போட்டுவிடலாமாம், அது அவர்களுக்குத் தெரியுமாம். ஆபரேஷன் செய்கிறவரிடம் சொன்னால் மட்டும் போதாது, மயக்க மருந்து கொடுப்பவரிடம் நீயே சொல்லவேண்டும், மேஜையில் படுப்பதற்கு முன்னால் மறுபடியும் சொல்லவேண்டும். அவர் வேலையாக இருக்கிறாரே, கோபித்துக்கொள்வாரோ, சீட்டைத்தான் கொடுத்துவிட்டோமே என்றெல்லாம் உனக்குத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றும், அதனால் தெரியும். மருந்து விஷயத்தில் நீ என்னைக் கொண்டிருந்தால் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கூச்சத்திலும் என்னையே கொண்டிருக்கிறாய் என்பதுதான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். இதற்கும் ஒரு பரிசோதனை உண்டா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அம்மா, அந்த ஒரு நாள் மட்டும் நீ உன் அம்மாவைக் கொண்டிரு.

பகவான் கிருபையால் நல்லபடியாக எழுந்து, நீயே உட்கார்ந்து இதற்குப் பதில் எழுதுவாய். தீர்க்க சுமங்கலியாக இரு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குழந்தைகளுக்கு முத்தம். எண்ணெய்ப் பலகாரம் தொடாதே. அம்மா ஒன்று எழுதச் சொல்கிறாள். டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று உன் கையெழுத்தில் கார்டு வரவேண்டும், இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் அவளே ரயிலேறி வந்து, ஆபரேஷன் ரூம் வாசலில் நின்று சொல்லுவாளாம். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டாள், புடவைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அப்பா,
வெங்கடராமன்