விவரம் சொன்னவர்

ஆரியசாலை, திருவனந்தபுரம்,
14-6-1982

அன்பு மகன் கிறிஸ்துதாசுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மையும் சுகமாக இருக்கிறோம். பிலாயில் நீயும் மருமகள் ஜெயபாயும் சுகம் என்று போன வாரம் அவள் எழுதிய கடிதத்தில் கண்டு சந்தோஷப்பட்டோம். அவளுடைய எழுத்து அச்சுப்போல இருக்கிறது. உன் எழுத்து கோழி கிளறினதுபோல இருந்ததால்தான் வீட்டுக் கடிதம் எழுதுகிற வேலையை அவளிடம் தள்ளிவிட்டாய் என்று அம்மை சொல்லுகிறாள்.

இங்கே ஒரு விசேஷம். எனக்கு வேலை மாறிவிட்டது. இருபத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன் அல்லவா? இப்போது ரெக்கார்டு செக்‌ஷனில் போட்டிருக்கிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போனதும், அல்லது மேலே போனதும், அவனுடைய கேஸ் ஷீட் எங்கள் மேசைக்கு வரும். என்ன கோளாறு, எதனால் வந்தது, என்ன ஆபரேஷன் செய்தார்கள் என்று பார்த்து, தலையணை தடிமனுள்ள புத்தகங்களில் எண் தேடி முதல் பக்கத்தில் எழுதவேண்டும். குடல்வால் எடுத்தால் 5-470. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தால் 5-740. பில் போடுகிறவர்களும் வருஷாந்தர ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றவனைக் கூப்பிட்டு எண் எழுது என்கிறார்கள். கர்த்தருக்கும் விளையாட்டுக் குணம் உண்டு.

கற்றுத்தருகிறவள் சூடாமணி என்று வலியசாலை அக்ரகாரத்துப் பெண். வயது இருபத்தாறு. வேலூரில் இதற்கென்றே படித்து வந்திருக்கிறாள். மத்தியானம் எனக்கும் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே கையால் நான் எழுதினதில் சிவப்பு மையால் கோடு போடுவாள்.

என் முதல் பெரிய அசட்டுத்தனத்தைக் கேள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரன் ஒருவன். கத்திக் காயம், நுரையீரல் வரைக்கும் போயிருக்கிறது. நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள். ஷீட்டில் 'சக்கை வெட்டும்போது கத்தி தவறியது' என்று இருந்தது. நானும் தற்செயலான விபத்து என்று எண் போட்டுக் கொடுத்தேன். சூடாமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காயம் எங்க இருக்குன்னு வாசிச்சேளா மாமா? முதுகுல. முதுகுல பலாப்பழத்தை வெச்சிண்டு வெட்டிப்பாளா யாராவது?" என்றாள். பிறகு ஷீட்டின் ஓரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். 'விவரம் சொன்னவர்' என்று அச்சடித்திருக்கும். இருபத்துநாலு வருஷம் நானே என் கையால் நிரப்பின கட்டம்தான். அதில் 'நண்பர்' என்று இருந்தது. விசாரித்தால், குத்தின ஆளே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து கதையும் சொல்லியிருக்கிறான். செய்தவனே சாட்சியும் சொல்லுகிற ஊர் இது. "யார் சொன்னாங்கிறதை முதல்ல பாருங்கோ. அப்பறம் என்ன சொன்னாங்கிறதைப் பாருங்கோ. சந்தேகம்னா நாமளா மாத்தப்படாது, டாக்டருக்கே திருப்பி அனுப்பணும்" என்பது அவளுடைய சட்டம்.

வாசலில் இருந்தபோது மனுஷரைக் கட்டுப்போட்ட துணியோடு பார்த்தேன். இப்போது துணிக்கு உள்ளே பார்க்கிறேன். கள்ளுக்கடை பாட்டிலால் போன கண், அண்ணன் தம்பி வேலித் தகராறில் மண்வெட்டியால் பிளந்த தோள், ஆசிட். புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எலி கடித்தால்கூட ஒரு எண் உண்டு. ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் அம்மை, "எண்ணை அங்கே வெச்சிட்டு வாரும், வீட்டுக்குக் கொண்டுவராதேயும்" என்கிறாள்.

ஜெயபாய்க்கு எங்கள் அன்பு.

உன் அப்பா,
ராஜையன்


ஆரியசாலை,
16-8-1982

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் கையெழுத்தைக் கண்டதுமே வாசலிலேயே நின்று உறையைக் கிழித்தேன். ஜெயபாய் குளிமுறியில் வழுக்கி விழுந்து இடது கை ஒடிந்து, கட்டுப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை. "அவளும் விழுந்தாளாக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

என் வேலையைப்பற்றிக் கேட்டிருந்தாய். தேறி வருகிறேன். சிவப்புக் கோடு குறைந்திருக்கிறது. இப்போது எலும்பு முறிவெல்லாம் என் பங்கு. போன மாதம் ஒரு சங்கதி கற்றுக்கொண்டேன், உனக்கும் சொல்லுகிறேன். கை ஒடிந்த பெண்களின் ஷீட் ஒன்பது வந்தது. ஒன்பதிலும் 'குளிமுறியில் விழுந்தது' என்றிருந்தது. திருவனந்தபுரத்துக் குளிமுறிகளுக்கு என்ன கேடு வந்தது, சோப்பு மாறிவிட்டதா என்று சூடாமணியிடம் கேலியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனாள்.

அவர் மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார். எக்ஸ்ரே படங்களை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். "விழுறவங்க தரையில கை குத்தும், கேட்டோ. அப்போ மணிக்கட்டு பக்கம் ஒடியும். இது நடுக்கை. உள்ள எலும்பு மாத்திரம் முறிஞ்சிருக்கு. தலைமேல வர்ற அடியைத் தடுக்கக் கை தூக்கினா இங்க ஒடியும்" என்று தன் கையை முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினார். பிறகு ஒன்பதையும் தரம் பிரித்தார். நாலு பேர் நிஜமாகவே வழுக்கினவர்கள். ஐந்து பேர் கை தூக்கினவர்கள். அந்த ஐந்து ஷீட்டிலும் விவரம் சொன்னவர் யார் என்று நானே பார்த்தேன். 'கணவர், கணவர், கணவர், கணவர், மாமியார்.'

சரி, நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜெயபாயின் கை எந்த இடத்தில் ஒடிந்தது என்று நீ எழுதவில்லை. மணிக்கட்டுப் பக்கமா, நடுவிலா? தொழில் பழக்கத்தில் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். இன்னொன்று. அவளுக்கு ஒடிந்தது இடது கை. வலது கை சும்மாதானே இருக்கிறது? அவளே இரண்டு வரி எழுதிப் போடட்டும். நீ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உன் வேலைக் கோபத்தை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. எனக்கு இதைச் சொல்லத் தகுதி இல்லை என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் அது சரிதான்.

உன் அப்பா,
ராஜையன்


ஆரியசாலை,
4-10-1982

கிறிஸ்துதாசுக்கு,

ஆறு வாரம் கழித்து நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. நடுக்கைதான் என்று எழுதியிருக்கிறாய். ஜெயபாய்க்கு எழுத நேரமில்லை என்கிறாய். சீட்டு எழுதுகிறவனுக்கு டாக்டர் வேஷம் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அது நல்ல கேள்வி, நானே என்னை அடிக்கடி கேட்டுக்கொள்வதுண்டு. கடைசியில், அவள் போன வாரம் மாடிப்படியில் உருண்டு இரண்டு விலா எலும்பு முறிந்ததாகவும் அம்மைக்குச் சொல்லவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய்.

மகனே, போன வருஷம் உன் குவார்ட்டர்ஸில் பதினைந்து நாள் தங்கினேன். அது கீழ்வீடு. மேலே தகரக் கூரை. உனக்கு மாடிப்படி ஏது?

கடிதம் வந்த அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிப் பரணில் ஏறினேன். பழைய ஷீட்டுகள் அங்கேதான் கிடக்கின்றன. 1961 கட்டைத் தேடி எடுக்க இரண்டு மணி நேரமானது. எலிசாள், வயது இருபத்தேழு. மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய ரத்தம். மண்ணீரல் எடுக்கப்பட்டது. இன்றைய புத்தகப்படி 5-413. காரணம், 'அடுக்களைப் படியிலிருந்து விழுந்தது.' விவரம் சொன்னவர், 'கணவர் ராஜையன்.' கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் வைத்து.

அவள் விழவில்லை. நான் மிதித்தேன். என்னுடைய புதுக் குடையை என்னைக் கேளாமல் அவள் தம்பிக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கன்னத்தில் அறைந்தேன். விழுந்தாள். விழுந்தவளை மூன்று தடவை மிதித்தேன். கால் வலித்ததால் நிறுத்தினேன், மனசு வலித்து அல்ல. இரண்டு மணி நேரம் அவள் வெளுத்துக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு, நடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மழையில் வண்டி கிடைக்காமல் இருந்தால் நீ தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்திருப்பாய்.

உனக்கு அப்போது ஆறு வயது. நீ கண்டாய் என்று எனக்குத் தெரியும். டாக்டர் உன்னிடமும் கேட்டார். நான் வழியில் சொல்லித்தந்தபடி, "அம்மை படியிலே விழுந்தா" என்று நீ சொன்னாய். கெட்டிக்காரன் என்று உனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தந்தேன். நீ எனக்கு எழுதுகிற ஒவ்வொரு பொய்யும் நான் அன்றைக்குச் சொல்லித்தந்த பாடம். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. ஆனால் உன்னை விட்டுவிடவும் முடியாது.

ஷீட்டின் எண்ணை நானாக மாற்ற முடியாது. விவரம் சொன்னவன் வந்து மாற்றிச் சொன்னால் டாக்டர் எழுதலாம். அதனால் ஒரு வெள்ளைத்தாளில், 'அன்று நான் சொன்னது பொய், நான் மிதித்ததால் வந்த காயம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஷீட்டோடு சேர்த்து சூடாமணி மேசையில் வைத்தேன். அவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். "டாக்டருக்கு அனுப்பறேன்" என்றாள். அவ்வளவுதான். புத்தகத்தில் அதற்கு 'சண்டை, கைகலப்பு' என்ற தலைப்பில் எண் இருக்கிறது. சண்டையென்றால் இரண்டு பேர் அடிக்கவேண்டாமா? எலிசாள் என்மேல் ஒரு விரல்கூட ஓங்கவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மோர் வருகிறதில்லை. மாமா என்ற விளியும் நின்றுவிட்டது. ராஜையன் என்கிறாள். அது போதாது, இன்னும் கடுமையாகக் கூப்பிடலாம்.

உன் கடிதத்தை நான் அம்மைக்கு மறைக்கவில்லை. முழுவதையும் வாசித்தேன். பிறகு, அந்த வெள்ளைத்தாளில் எழுதினதையும் சொன்னேன். இருபத்தொரு வருஷத்தில் நாங்கள் அதைப்பற்றிப் பேசினது இதுதான் முதல் தடவை. நான் அழுதேன். அவள் அழவில்லை. "ஒம்ம அழுகையைப் பொறவு பாத்துக்கிடலாம். அந்தப் புள்ளைக்க உசிரு இருக்கும்போ போயிச் சேரணும். டிக்கெட் எடும்" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் உனக்குப் புரியவேண்டும். இந்த நாலு மாதத்தில் ஒரே பெண்ணின் பெயரில் இரண்டு, மூன்று ஷீட் வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் கை. பிறகு விலா. அதற்கப்புறம் மண்ணீரலோ தலையோ. அதற்கப்புறம் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிவப்பு முத்திரை குத்துவார்கள். அம்மை பிழைத்தது மழைக்குள்ளும் ஒரு வண்டிக்காரன் நின்றதால். உன் வீட்டு வாசலில் யார் நிற்பார்கள் என்று நான் காத்திருக்க மாட்டேன்.

ஆகவே செய்திருப்பதைச் சொல்லுகிறேன். உங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுந்தரராமன் சாருக்கும் அவர் மனைவி வாலாம்பாளுக்கும் இன்று காலையில் தந்தி கொடுத்துவிட்டேன். நாங்கள் வருகிறவரை ஜெயபாய் அவர்கள் வீட்டில் இருப்பாள். இந்தக் கடிதம் உன் கையில் வரும்போது அவள் அங்கே போயிருப்பாள். கூப்பிட்டுக்கொண்டு வரப் போகாதே. திண்ணமாகச் சொல்லுகிறேன், அந்த வாசலில் ஏறாதே. பத்தாம் தேதி தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிறோம். மதராஸில் வண்டி மாறி பதின்மூன்றாம் தேதி வந்து சேருவோம். ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டியதில்லை.

வந்ததும் அவளை உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். என்ன நடந்தது என்று அவளே டாக்டரிடம் சொல்லட்டும். நீ உள்ளே வரக்கூடாது, நானும் உள்ளே போகமாட்டேன். நாம் இரண்டு பேரும் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருப்போம். அவள் எங்களோடு வருகிறேன் என்றால் வருவாள், தன் அப்பா வீட்டுக்கென்றால் அங்கே கொண்டுபோய் விடுவேன். போலீசுக்கு என்றாலும் கூடப் போவேன், உன் பெயரை நானே எழுத்துக்கூட்டிச் சொல்லுவேன். நீ என்னை வெறுக்கலாம். ஆனால் அதற்கு முன்னே, யாரும் கேட்காமல் நீயே வாய் திறந்து நடந்ததைச் சொல்லிவிட்டாயானால், எனக்கு இருபத்தொரு வருஷம் பிடித்த காரியம் உனக்கு ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

சின்ன வயதில் உன்னைத் தூங்கவைக்கும்போது, உன் கைகளுக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று ஜெபிப்பேன். கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக. நாங்கள் வந்து கதவைத் தட்டுகிறவரைக்கும் அந்தக் கைகளைக் கட்டிவைப்பாராக.

உன்னைப் பெற்ற,
ராஜையன்