டிக்கிக்குப் பின்னால் நடந்த கலைவிழா

வெக்ஸ்போர்ட்
21.11.1994, திங்கள் காலை

அன்பு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் அப்பாவுக்கு,

மரண அறிவித்தல். மலிவுவிலைக் கடையைப் பிறப்பிடமாகவும், எங்கள் குசினியை வதிவிடமாகவும், பிறம்ரன் வேர்ஹவுஸைத் தொழிலிடமாகவும் கொண்ட உங்கள் சாப்பாட்டுப் பெட்டியின் இடப்பக்கக் கொளுக்கி இன்று காலை நான் கழுவும்போது சடுதியாகக் காலமானது. அன்னார் வலப்பக்கக் கொளுக்கியின் பாசமிகு சகோதரர் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். இப்போதைக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.

இனி உயிரோடிருப்பவர்களைப் பற்றி.

நான் உங்களோடு கதைப்பதில்லை என்று சனிக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தால் வர முன்னமே நீங்கள் பின்னேர வேலைக்குப் போய்விடுவீர்கள், திரும்பி வர நான் நித்திரை. ஆகவே கதையாமல் இருப்பது பெரிய கஷ்டமில்லை. ஆனால் நான் கதைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதுதான் பெட்டிக்குள் இந்தக் கடிதம். நாளை பெட்டி கழுவும்போது பதில் இருந்தால் வாசிப்பேன். தமிழிலேயே எழுதுகிறேன், விளங்கவில்லை என்று நீங்கள் தப்பக்கூடாது.

தங்கச்சி நிலக்சிக்கு ஏழு வயது. மயிலைப் பற்றிப் பேசப் பாடமாக்கினாள். எப்படிப் பாடமாக்கினாள்? நீங்கள் முன்னால் இருக்க வேண்டும். அவள் ஒரு வரி சொல்ல, நீங்கள் தலையாட்ட வேண்டும். தலையாட்டினால்தான் அடுத்த வரி வரும். கலைவிழாவன்று முன்வரிசையில் இருந்து தலையாட்டுவேன் என்று சத்தியம் செய்தது நீங்கள்.

மேடையில் ஏறினாள். "மயில் ஓர் அழகான பறவை" என்றாள். முன்வரிசையைப் பார்த்தாள். உங்கள் கதிரை வெறுங்கதிரை. பக்கத்துக் கதிரையும் அப்படியே. அதற்குப் பக்கத்திலும். எங்கள் தமிழ் வகுப்பின் பெற்றோர் சங்கம் முழுவதும் வெளியில், பஸ்ரியன் அங்கிளின் கார் டிக்கிக்குப் பின்னால், ஊற்றோர் சங்கமாகக் கூடியிருந்தது. கையில் மூடி போட்ட கோப்பிக் கப்! உள்ளே கோப்பியா? போத்தலாளர் பஸ்ரியன் அங்கிள் ஊற்ற, நீங்கள் கப்பின் விளிம்பைக் கடித்துக் கடித்துக் குடித்தபின் அவருடைய பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பாராட்டிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளையைப் பாராட்ட ஆளில்லை. எஞ்சினுக்கு அத்தனை பேர்.

அவள் அழத் தொடங்க, ஓடிப்போய்த் திரைக்கயிற்றை இழுத்து மூடியது யார் தெரியுமா? உங்கள் மகன். நான் இல்லாவிட்டால் சபையே சிரித்திருக்கும்.

அதன்பிறகு நீங்கள் வந்து மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, "என்ரை பிள்ளை கெட்டிக்காரி! இன்னொருக்காச் சொல்லட்டும்!" என்று கத்தியபோது சபை சிரித்துத்தான் விட்டது. அதை மூட என்னிடம் திரையில்லை. நிலக்சி அம்மாவின் சீலைக்குள் ஒளித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்பாவிலை மணக்குது."

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது யார்? அதே பஸ்ரியன் அங்கிள், அதே கார். சிவப்பு விளக்கில் நிற்காமல் எடுத்தார். அம்மா பின்சீற்றில் நிலக்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தா. நீங்கள் முன்சீற்றில் பாட்டுப் பாடினீர்கள்.

இப்படிக்கு,
கதைக்காத மகன்,
இரத்தினவேல் பிரவீனன்


22.11.1994

அன்பு மகன் பிரவீனனுக்கு,

உன் கடிதத்தில் புளிக்கறி மணம். இடைவேளையில் வாசித்தேன். பக்கத்திலிருந்த ஆள், ஊரிலிருந்து கடிதமா என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

பதினாறு வயதில் தகப்பனைச் சங்கம் வைத்துப் பகிடி பண்ணுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், நல்லது. ஆனால் நியாயமும் கேள். பள்ளிக்கூடத்துக்குள்ளே ஒரு துளி கொண்டுபோகவில்லை. வெளியில், குளிரில், ஆருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றோம். போன வருசம் உன் பள்ளிக்கூடத்துச் சித்திரக் கண்காட்சிக்கு வந்தேனே, அங்கே வெள்ளைக்காரத் தாய்தகப்பன் கையில் என்ன இருந்தது? வைன். மேசை விரித்து, சீஸ் வெட்டி வைத்து. அப்போது நீ கண்டனக் கடிதம் எழுதவில்லையே? அவன் குடித்தால் நாகரிகம், நான் குடித்தால் நாற்றமோ?

கிழமை முழுவதும் பெட்டி தூக்குகிறேன். அங்கே என்னுடைய பேர் "ரத்". நான் தமிழில் சிரிக்கிறது அந்தச் சனிக்கிழமைகளில்தான், அந்த நாலு மனிசரோடுதான். அதையும் விடவேண்டுமென்றால் சொல்.

நிலக்சி பேசுகிற நேரம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அது பிழைதான்.

ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. பை முழுக்கச் சொதி.

அப்பா


23.11.1994

அப்பாவுக்கு ("அன்பு" இன்னும் வரவில்லை),

சொதிக்கு அனுதாபங்கள்.

வைன் கதைக்கு வருவோம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வகுப்பு டேவிட்டின் தாய் மூன்றாவது கிளாஸோடு வேறொரு பொடியனின் படத்துக்கு முன்னால் நின்று, "என் மகன் எவ்வளவு அழகாகக் கீறியிருக்கிறான்" என்றா. டேவிட் பக்கத்தில் நின்றான். அவனுடைய முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஆகவே வெள்ளைக்காரரைத் துணைக்குக் கூப்பிடாதேங்கோ, அவர்களுக்கும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஆனால் ஒன்று. அவர்கள் கண்ணாடிக் கிளாஸில் குடித்தார்கள். உங்களுடையது மூடி போட்ட கோப்பிக் கப். நீங்கள் செய்தது சரியென்றால் மூடி ஏன்? குளிருக்கென்று சொல்லாதேங்கோ, அந்தச் சாமானுக்குக் குளிராது.

நேரம் தெரியாமல் போனதாம்! பக்கக் கதவுக்குக் கல் வைத்துத் திறந்துதான் விட்டிருந்தார்கள். மைக் சத்தம் வாகனத் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது. "மயில் ஓர் அழகான பறவை" என்று கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததுதான் பெரிய சத்தம். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் தமிழில் சிரிப்பதை யாரும் தடுக்கவில்லை. எங்களோடு சிரித்தால் அது என்ன பாஷை?

இப்போது என் தீர்ப்பு. தைமாதம் பொங்கல் விழா. எங்கள் தமிழ் வகுப்புத் தியாகலிங்கம் மாஸ்ரர் நிலக்சிக்கு இன்னொரு தடவை மயில் தந்திருக்கிறார். நீங்கள் வரவேண்டாம். முன்வரிசையில் நான் இருந்து தலையாட்டுவேன். மீறி வந்து வெளியில் போனீர்களென்றால், அன்றைக்கு அறிவிப்பாளர் யார் தெரியுமா? அடியேன். மைக்கில் இப்படிச் சொல்லுவேன்: "வாகனத் தரிப்பிடத்தில் ஒரு காரின் டிக்கி திறந்திருக்கிறது. அதற்குள் விழுந்து கிடக்கும் பெற்றோரை அவர்களுடைய பிள்ளைகள் வந்து அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்." கார் இலக்கத்தையும் வாசிப்பேன். பாடமாக்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தலையாட்ட ஆள் தேவையில்லை.

பிரவீனன்


24.11.1994

பிரவீனன்,

வாசித்தேன். வரமாட்டேன்.

அப்பா


19.01.1995

அப்பாவுக்கு,

கடிதம் எழுதி நாளாகிவிட்டது. நத்தார் லீவிலும் ஒரே வீட்டுக்குள் இருந்தபடி உப்புப் போத்தலை அம்மா மூலமாகக் கைமாற்றினோம். அம்மாவுக்குக் கை உளைகிறதாம்.

ஒரு சிக்கல். நிலக்சிக்கு முன்னால் நான் இருந்து தலையாட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள். "நீ கோழி மாதிரி ஆட்டிறாய் அண்ணா" என்கிறாள். அம்மாவும் ஆட்டிப் பார்த்தா. மயில் முதல் வரிக்கு அப்பால் பறக்கவில்லை. நேற்று, "அப்பா வருவாரா?" என்று கேட்டாள். வரமாட்டார் என்றேன். ஏன் என்றாள். என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன, ஏழு வயதுக்கு ஏற்றது ஒன்றும் இல்லை.

ஆகவே தீர்ப்பில் ஒரு திருத்தம். வரலாம். ஆனால் பஸ்ஸில் வரவேண்டும், எங்களோடு. முன்வரிசையில் இருக்க வேண்டும். கப்போடு வந்தால் வாசலிலேயே நான் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பேன். எல்லாருக்கும் முன்னால். கோபம் குறைந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம், அது அப்படியே சூடாக இருக்கிறது.

பிரவீனன்


23.01.1995

அன்பு மகனுக்கு,

கழுத்து நோகிறது. மயில் தோகை விரித்து, மழையில் ஆடி, முருகனை ஏற்றிக்கொண்டு போய் முடியுமட்டும் நான் ஆட்டிய ஆட்டு அப்படி. கடைசி இரண்டு வரிக்கு அவள் என்னைப் பார்க்கவேயில்லை, கவனித்தாயோ? சனத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

பஸ்ரியன் இரண்டு தரம் வந்து தோளில் தட்டி, "வாவன் மச்சான், கால் கை விறைக்குது" என்று கூப்பிட்டான். போகவில்லை. இனி என்னோடு கதைக்கமாட்டானாம். அவனுக்கும் கடிதம் எழுதச் சொல்லு. நான் திருந்திவிட்டேன் என்று பெரிய கதை விடவில்லை. வீட்டில் ஒரு நாள் பெருநாள் வந்தால் குடிப்பேன். பிள்ளைகளின் விழாவுக்கு அந்தச் சாமானோடு வரமாட்டேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மாஸ்ரர் என்னோடு நெடுநேரம் கதைத்தார். அன்றைக்கு நிலக்சி அழ, திரையை இழுத்தது தான்தானாம். திரைக்கு உன்னைத்தான் விட்டவராம், தேடிப் பார்க்க ஆளைக் காணவில்லையாம்.

உன் முதல் கடிதத்தை எடுத்து இன்னொருமுறை வாசித்தேன். நாங்கள் பொனற்றைத் திறந்து எஞ்சின் பார்த்ததை எழுதியிருக்கிறாய். உள்ளே திரை இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நீ எங்கே நின்றாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

அப்பா


24.01.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓம், "அன்புள்ள" வந்துவிட்டது. காரணம் கடைசியில் விளங்கும்.

நான் திரையை இழுக்கவில்லை. திரைக்குப் பக்கத்திலேயே இல்லை. பஸ்ரியன் அங்கிளின் மகன் நிசாந்தனும் நானும் பக்கத்தில் தரித்து நின்ற வானுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். உங்கள் எல்லாரையும் மைக்கில் அறிவித்து நாறடிக்கிற திட்டம் அன்றைக்கே இருந்தது, அதற்காகக் கார் இலக்கம் எடுக்கப் போனேன். நீங்கள் எல்லாரும் எஞ்சின் பார்க்க முன்னுக்குப் போக, கப்புகள் பின்பம்பரில் இருந்தன. "உனக்குத் துணிவில்லை" என்றான் நிசாந்தன். "எனக்கோ?" என்றேன்.

விளிம்பு கடித்திருந்த கப்பை எடுத்தேன். உங்களுடையதென்று தெரிந்துதான் எடுத்தேன். மிச்சம் முழுவதையும் ஒரே இழுவையில் குடித்தேன். மூக்கால் நெருப்பு வந்தது. வானின் சில்லுக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன். நிசாந்தன் சிரித்துச் சிரித்து விழுந்தான்.

அப்போதுதான் பக்கக் கதவால் அவளுடைய குரல் கேட்டது. மயில் ஓர் அழகான பறவை. பிறகு ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கேட்கவில்லை அப்பா. எனக்குக் கேட்டது. ஓடிப்போய் முன்னால் நின்றிருந்தால் கோழி மாதிரியாவது ஆட்டியிருப்பேன். போகவில்லை. கிட்டப் போனால் அம்மாவுக்கு மணக்கும் என்று பயந்து, வாய்க்குள் பெப்பர்மின்ற் போட்டுக்கொண்டு, அவள் அழுது முடியும்வரைக்கும் வானுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"அப்பாவிலை மணக்குது" என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்கே உங்கள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு என்னுடையது என்று பிரிக்கத் தெரியாமல் முழுவதையும் உங்கள் பையில் வைத்து அனுப்பிவிட்டேன்.

இதனால் உங்கள் பிழை சரியாகிவிடாது, சொல்லிவிட்டேன். சிவப்பு விளக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவேண்டுமென்றால் சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் நல்லம். சனிக்கிழமை வகுப்புக்குப் பஸ்ஸில் போகும்போது என் பக்கத்தில் இருங்கோ. நீங்களே முதலில் கதையைத் தொடங்குங்கோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. மரண அறிவித்தலில் ஒரு திருத்தம். கொளுக்கி தானாகக் காலமாகவில்லை. அன்று காலை உங்கள் பெட்டியை நான்தான் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

அன்பு மகன்,
பிரவீனன்