சத்தியம் செய்யும் திங்கட்கிழமை

லோஹேகாவ், புனே
ஆகஸ்ட் 9

அன்பு மகள் சுப்ரஜாவுக்கு அப்பா பத்மநாபன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு மழையில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ நலமா என்று ஒரு வரியில் கேட்டு முடிக்கப் போவதில்லை. அதைக் கேட்கத்தான் கடிதம் முழுவதும்.

போனில் கேட்டால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாம் மறுபடி படித்தேன். போரில் குண்டு விழுந்து ஜெர்மனியில் நீ இருக்கும் உல்ம் நகரமே எரிந்தும் சர்ச் தப்பியது, மீனவர் தெருவில் சாய்ந்து நிற்கும் வீடு, ஐன்ஸ்டைன் பிறந்தது எல்லாம் இருக்கிறது. நீ என்ன சமைத்தாய், யாரோடு பேசினாய் என்று ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. உலகத்திலேயே உயரமான சர்ச் என் பெண் ஊரில்தான் என்று பக்கத்து வீட்டு வைஷாலி தாயியிடம் மராத்தியில் அளந்துகொண்டிருக்கிறாள். ஸ்பெயினில் ஒன்று அதை முந்திவிட்டதாம். அங்கேயே இருப்பவள் நீ, உன் காதில் அது விழவில்லையா?

விமானப்படை கேட்டில் அடையாள அட்டை பார்த்தே காலம் தள்ளியவன் நான். கேட்காததை எல்லாம் ஒருவர் சொன்னால் எனக்கு உறுத்தும். அதனால் உன் ஊரைப் பற்றி நானும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வருஷா வருஷம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை உல்ம் மேயர் பால்கனியில் நின்று மக்கள் முன் சத்தியம் செய்கிறார். மத்தியானம் ஊரே தெப்பமும் ரப்பர் படகுமாக டான்யூப் ஆற்றில் இறங்கிவிடுகிறது. இந்த வருஷம் அதை யூடியூபில் நேரலையாகப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே உன்னைக் கூப்பிட்டு ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, மத்தியானம் ஆற்றங்கரைப் பக்கம் போய்க் காய்கறி வாங்கினேன், வெறிச்சென்று கிடந்தது என்றாய்.

நீ உல்மில் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் தோழி சஹானா ஜெர்மனியிலிருந்து லீவில் இங்கே கோந்த்வா வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்து போய்ப் பார்த்தேன். உன் வேலையைப் பற்றிக் கேட்டதும், அவளையே கேளுங்கள் அங்கிள் என்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுபோய்க் கொடுப்பாயா என்றதற்குச் சரி என்றாள், எந்த விலாசம் என்றுகூடக் கேட்கவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் உல்ம் ஊர்த் தையல்காரர் ஒருவர் இறக்கை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டப் பார்த்து, அரச குடும்பத்தார் முன்னால் தண்ணீரில் விழுந்த கதையை மட்டும் நீ இரண்டு தடவை அனுப்பியிருக்கிறாய். ஊர் சிரித்ததாம், அதற்குப் பிறகு அவர் தலைதூக்கவே இல்லையாம். வேலை போய்விட்டதா, சுப்ரஜா? அது நல்ல இறக்கைதான். பிற்காலத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆற்றின் மேல் காற்று குளிர்ந்து கிடக்கும், தூக்கிவிடாது. விமானப்படைச் சமையல்காரருக்குக்கூட இது தெரியும். சிரித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்த மேயர் சொல்லும் சத்தியம் அறுநூறு வருஷத்துக்கு மேல் பழையது. பணக்காரருக்கும் ஏழைக்கும் பொதுவான மனிதனாக இருப்பேன், மனதில் எதையும் ஒதுக்கி வைக்க மாட்டேன் என்கிறார். இன்று காலை நானும் நம் பால்கனியில் நின்று சொல்லிப் பார்த்தேன். ஜெயித்த மகளுக்கும் விழுந்த மகளுக்கும் ஒரே அப்பாவாக இருப்பேன். அம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், யாரோடு பேசுகிறீர்கள் என்றாள்.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது. வருவதானால் எந்த விமானத்தில் வந்தாலும் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். ஆயுசு முழுக்க வாசலில் நின்று எல்லாரையும் கேள்வி கேட்டவன், உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா