ஐந்து வோல்ட்டில் நீலம்

12 நவம்பர் 2007, திங்கள்
விடாத மழை. அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. லேபில் ஒளிரும் பூச்சு போட்ட ஆறாவது கண்ணாடிச் சில்லும் வீண். கரண்ட் கொடுத்தால் நீலமாக எரிய வேண்டியது, அழுக்குச் சாம்பலாக ஒரு மினுக்கல், அவ்வளவுதான். கைடு சார் கூப்பிட்டார். கோபமில்லை. பச்சை நன்றாக எரிகிறது, அதை வைத்தே தீசிஸை முடி, நாலு வருஷம் ஆகிவிட்டது என்றார். தலையாட்டினேன். மனசு ஆட்டவில்லை.

13, செவ்வாய்
பழியை இத்தனை நாள் நீல மூலக்கூறின் மேல் போட்டோம். தப்பு. அது வாங்கும் ஆற்றலை, அதைக் கலந்து பூசும் ஹோஸ்ட் பொருளே திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. பச்சையின் ஆற்றல் மட்டம் தாழ்வு, அதனால் தப்பித்தது. நீலத்தைவிட உயர்ந்த மட்டமுள்ள ஹோஸ்ட் வேண்டும்.
கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்யும் மேரி அப்படி ஒன்று தயாரித்திருக்கிறாள். இருப்பதே கால் கிராம்.
"அரை வருஷ வேலடி இது. வீணாக்கிட்டீன்னா உன்கிட்ட பேச மாட்டேன்" என்றாள். கொடுத்துவிட்டாள்.

15, வியாழன்
வெயில். மேரியின் ஹோஸ்ட்டைப் பூசிப் பார்க்க சார் சம்மதித்தார், ஒரே ஒரு தடவை. பூச்சு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கியது. என் கையில், பக்கத்தில் நின்ற மேரியின் நகத் தடம்.
சாப்பிட மறந்தேன்.

16, வெள்ளி
லைட்டை அணைத்தோம். மூன்று வோல்ட், நாலு, ஒன்றுமில்லை. ஐந்தில் நீலம்!
சுத்தமான நீலம். மேரி அழுதாள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சார் நம்பாமல், அதே பூச்சில் வந்த இரண்டாவது சில்லையும் போடச் சொன்னார். அதுவும் எரிந்தது. நிறமாலையில் ஹோஸ்டின் ஒளி துளியும் இல்லை. ஆற்றல் முழுக்க நீலத்துக்கே போகிறது.
சார் அளவீட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "நான் சொன்னது தப்பும்மா. இத முதல் அத்தியாயமா போடு."
கட்டுரையில் மேரி பெயரும் வரும். கேட்டு வாங்கினேன்.

17, சனி
அப்பாவை லேபுக்கு அழைத்துப் போனேன். மில் மூடும்வரை சாயப் பிரிவில் இருந்தவர். சில்லு இருந்த கண்ணாடிப் பெட்டியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தார்.
"இருபது வருஷம் நீலம் முக்கியிருக்கேன். இப்படி ஒண்ணு எங்க தொட்டியில வந்ததில்ல."
ஸ்விட்ச்சை அவரிடம் கொடுத்தேன். நாலு தடவை போட்டுப் போட்டு அணைத்தார். ஐந்தாம் தடவை போட்டுவிட்டு, அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.