பதிவில் இல்லாத முழங்கால்

மே 12, 2025
கோலா சிலாங்கூர் திடலில் பயிற்சி. பந்துக்குப் பாய்ந்தபோது வலது முட்டி 'கடக்' என்றது. யாரும் பார்க்கவில்லை. கிளப் டாக்டரிடம் போகவா? மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நொண்டிக் கோல்கீப்பருக்கு எவன் புது ஒப்பந்தம் தருவான்? வாயை மூடிக்கொண்டேன்.

மே 14
சுங்கை ஆயர் தாவாரில் உருட் பிடித்து உடம்பு நீவிவிடும் செல்லனிடம் போனேன். எண்ணெய் தடவி அமுக்கியதில் உயிர் போய்விட்டது. மனைவி கிளாரிஸ்ஸாதான் கூட வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இப்படி ஒளிச்சு ஒளிச்சு ஆடுறதுக்கு வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாள். வெட்கம் சோறு போடுமா?

மே 24
மாத்திரை விழுங்கிவிட்டு ஆடினேன். கோல் விடவில்லை.

ஜூன் 9
புது ஒப்பந்தத்துக்கு முன் கிளப் எடுத்த ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிட்டது. மேனேஜர் சுகுமாறன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எர்னஸ்ட், அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, குணமாகிற வரைக்கும் கிளப் உன்னை வெச்சுத்தான் ஆகணும் லா. மறைச்சா அவ்வளவுதான். கான்ட்ராக்ட்ல இருக்கே, படிக்கலையா?"

பாவிகளா! எட்டு வருடத்தில் ஒருவனாவது இதைச் சொன்னீர்களா? வெளியே சொன்னால் என்னைத்தான் முட்டாள் என்பார்கள். கிளாரிஸ்ஸாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் இடம் அஸ்லாமுக்கு. மூன்று வருடமாக பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன்.

ஆகஸ்ட் 3
செகிஞ்சான் அரிசி ஆலையில் லோரிக்கு மூட்டை ஏற்றுகிறேன். "பிடி, கீப்பர்!" என்று தூக்கிப் போடுகிறார்கள். ஒன்று கை நழுவியது. கைதட்டினார்கள்.

அக்டோபர் 19
டிவியில் அஸ்லாம் பெனால்டி தடுத்தான். கிளாரிஸ்ஸா துள்ளினாள். டிவியை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 22
அஸ்லாம் போன் செய்தான். மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம். "அண்ணே, டாக்டர்கிட்ட சொல்லிரவா? உங்களை விட்டா யாரைக் கேப்பேன்?"

சொல்லிவிடு என்றால் பிழைத்துக்கொள்வான். நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லாதடா தம்பி. சொன்னா அன்னைக்கே வேற கீப்பரை எடுத்துருவானுங்க. செல்லன்கிட்ட போ, நான் அனுப்பினேன்னு சொல்லு."

"நீங்க சொன்னா சரிண்ணே."

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதுதான் ஆச்சரியம்.

டிசம்பர் 28
மணிக்கட்டில் எலும்பு விரிசலாம். செல்லன் அமுக்கி அமுக்கி முழுசாக உடைந்துவிட்டது. காயத்தை மறைத்தான் என்று கிளப் கழற்றிவிட்டது. அவன் மனைவி சுரையாவுக்கு ஏழாம் மாதம். போனில் தேம்பித் தேம்பி அழுதான். "ஐயோ தம்பி" என்றேன். சொல்ல வேண்டிய மாதிரியே சொன்னேன்.

ஜனவரி 6, 2026
சுகுமாறன் கூப்பிட்டார். "கீப்பர் இல்ல லா, நாளைக்கே வா. முட்டி எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

சாயங்காலம் அஸ்லாம் கட்டுப் போட்ட கையோடு வந்தான். தன் கையுறைகளைக் கொடுத்தான். "கஷ்டத்துல கூட நின்னது நீங்க ஒருத்தர்தாண்ணே."

போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தன. அவனை வழியனுப்பப் படி இறங்கினேன். முட்டி மடங்கவில்லை. அவன்தான் நல்ல கையால் என்னைப் பிடித்துக்கொண்டான்.