ஆட்டம் முடிந்தால் அவரவர் வீட்டுக்கு

ஒடென்சே,
டென்மார்க்.
04.10.2009

அன்புள்ள மச்சான் ஞானசுந்தரத்துக்கும் என் தங்கச்சி தங்கமலருக்கும்,

முகாமில் நீங்கள் இருக்கிற கூடாரத்துக்குள் ஆண்டவரும் ஒரு பாய் விரித்து உங்களோடு இருக்கட்டும். குருசுமுத்து நான் சொல்லச் சொல்ல மருமகள் விமலராணி எழுதுகிறாள். சொல்கிறதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது என்று சொல்லித்தான் இருத்தியிருக்கிறேன். உண்மையாக நான்தானா என்று உமக்குச் சந்தேகம் வந்தால் ஒரு அடையாளம் சொல்கிறேன். சூறாவளிக்கு அடுத்த வருசம் நீர் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு நாய் உமது இடது காலில் கடித்தது. கடிக்கவில்லை, நக்கினது என்று சொல்லிக்கொண்டே பலகாரத் தட்டை முடித்தீர். வேட்டியில் இரத்தம். இது உமக்கும் எனக்கும் நாய்க்கும்தான் தெரியும்.

உமது கடிதம் கிடைத்தது. தை மாதத்துக்குப் பிறகு உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சண்டை நடந்த மாதங்களில் நாங்கள் இங்கே ரீவிக்கு முன்னால் இருந்த இருப்பை எழுதத் தேவையில்லை, உங்கள் இருப்புக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஆனால் உமது கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது யார் என்று சொன்னால் நீர் நம்பமாட்டீர். அதற்கு முதல் ஒரு விளையாட்டுக் கதை சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் உமது கைக்கு வர முதல் வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்று விமலராணி சொல்கிறாள். வாசிக்கட்டும். விளையாட்டைப் பற்றித்தானே.

இங்கே எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. என் பேரன் றொபினும் எட்டு வருசமாகப் போகிறான். வருசத்தில் ஒரு நாள் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களும் கூடி உதைபந்து விளையாடுகிறது வழக்கம். ஒவ்வொரு வருசமும் அடிபாடு. பிள்ளைகள் அல்ல, தகப்பன்மார். கடைசியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கோணேசன் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். அவர் கண்டியில் படித்த காலத்தில் றக்பி விளையாடினவராம். அடிபாடு எப்படியும் வரப்போகுது, அடிபாட்டைச் சட்டமாகவே வைத்திருக்கிற விளையாட்டாகப் பிடிப்போம் என்றார்.

மச்சான், நீர் றக்பி பார்த்திருக்கமாட்டீர். பந்து உருண்டை இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னுக்கு ஓட வேண்டும். ஆனால் பின்னுக்கு வருகிறவனிடம்தான் எறியலாம். முன்னுக்கு எறிந்தால் பிழை. இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்த மாஸ்டருக்கு ஒரு வருசம் எடுத்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடித் தப்புகிறவன் பின்னுக்கு விட்டவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். வெளிநாடு வந்தவனுக்கு அதைப் படிப்பிக்கவா வேண்டும்? இடைக்கிடை இரண்டு பக்கமும் குனிந்து தலையோடு தலை கொடுத்துத் தள்ளுவார்கள். கரைவலை இழுக்கிற ஆட்கள் வலையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

விளையாட்டு மாறினாலும் கள்ளம் மாறவில்லை. போட்டி பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. போன வருசம் டென்மார்க்கின் வடக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக்காரர் ஜெர்மனியில் இருந்து ஒருவனை இறக்கினார்கள். மாமன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவனாம், வந்த இடத்தில் சும்மா விளையாடுகிறானாம். மாமன் யார் என்று கேட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். அந்தப் பொடியனுக்கு மீசை என்னுடையதை விட அடர்த்தி. எங்கள் பிள்ளைகளை அவன் வைக்கோல் கட்டுத் தூக்குகிற மாதிரித் தூக்கிப் போட்டான்.

அதற்குப் பதிலாகக் கோணேசன் மாஸ்டர் இந்த வருசம் செய்த வேலையைக் கேளும். றொபினோடு இந்த நாட்டு டெனிஸ் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பொடியன். பதினைந்து வயது, ஆறடி. பெயர் நீக்கிலாஸ். அவனைத் தை மாதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் படித்தவன் எவனும் விளையாடலாம் என்றுதான் போட்டிச் சட்டம். தமிழனாக இருக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. யாருக்கு அப்படி எழுதத் தோன்றும்? அ, ஆ தெரியாதவன் ஆனபடியால் விக்ரோரியா ரீச்சர் அவனை அரிவரி வகுப்பில் விட்டா. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வர, மரத்தில் ஏறின ஒட்டகம் மாதிரி இருந்து ‘அம்மா, ஆடு’ என்று படித்தான்.

வடக்குப் பக்கத்தார் பெயரைப் பார்த்து மட்டக்களப்பு வேதக்காரப் பிள்ளை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். குருசுமுத்தருடைய சொந்தக்காரனாக்கும் என்று ஒருவர் என்னிடம் குசலமும் விசாரித்தார். ஆவணி மாதம் பயிற்சி பார்க்க வந்தபோதுதான் பொடியனுடைய தலைமயிரைக் கண்டார்கள். தும்பு நிறம். உடனே கூட்டம் வைக்கச் சொல்லி நின்றார்கள்.

எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. நீக்கிலாஸ் வந்ததால் இடம் போனது என் பேரனுக்கு. றொபின் கரையில் இருந்து தண்ணீர்ப் போத்தல் பார்க்கிற ஆளாகிவிட்டான். நியாயம் கேட்பதற்கென்று சேட்டும் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். நீங்கள் ஆள் பிடிக்கிறீர்கள் என்று அவர்கள். ஜெர்மனிக்குப் போய் ஆள் பிடித்தது ஆர் என்று எங்கள் ஆட்கள். ஊரில் மாதிரி வீட்டுக்கு ஒரு ஆள் பிடியுங்கோவன் என்று பின்னுக்கு இருந்து ஒருவன் பகிடி விட, அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் எழும்பினேன். பேரனுக்கு இடம் கேட்கத்தான் எழும்பினேன். வாயில் வந்தது வேறு. பிடிச்ச பிள்ளையை, உனக்கு விருப்பமோ என்று ஆராவது கேட்டனீங்களோ என்றேன். தாயைக் கேட்டனீங்களோ என்றேன். ஆட்டம் முடிய அவன் தன்ட வீட்டுக்கு வரலாம் என்று அந்த மனுசிக்கு ஆராவது சொன்னனீங்களோ என்றேன்.

நான் றக்பியைத்தான் கேட்டேன், மச்சான். ஆனால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளை கேத்தலை மேசையில் வைத்துவிட்டது. பகிடி விட்டவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீக்கிலாசின் தாய் ஒரு கேக்கும் கொண்டு வந்து முன் வரிசையில்தான் இருந்தா. றொபின் அவவுக்கு நான் கேட்டதை டெனிஸ் மொழியில் சொன்னான். அந்த மனுசிக்கு எங்கள் முகம் ஏன் இப்படிப் போனது என்று விளங்கவில்லை. எழும்பிப் பதில் சொன்னா. அவன் தன் விருப்பத்தில் வருகிறானாம். முதல் மாதம் பந்துக்காக வந்தவன், பிறகு இடைவேளையில் கொடுக்கிற ரோல்சுக்காக வருகிறானாம். வீட்டில் கிழங்கு வைத்தால் இப்போது உறைப்பு இல்லையோ என்று கேட்கிறானாம். நாளைக்கு மாட்டேன் என்றால் வீட்டில் இருப்பான், ஏன், அதற்கும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்று அவ கேட்டா. கேக்கை வெட்டினோம்.

அன்றைக்கு ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் விளையாடலாம். பிள்ளை ஓம் என்று சொல்ல வேண்டும், தாயும் ஓம் என்று சொல்ல வேண்டும், ஆட்டம் முடிந்தால் அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு. முதல் கை தூக்கினது வடக்குப் பக்கத்துத் தலைவர். அவருடைய அண்ணை குடும்பமும் உங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ.

இந்தச் சட்டத்தால் றொபினுக்கு இடம் நிரந்தரமாகப் போனது. நியாயம் கேட்கப் போன தாத்தா பேரனைக் கரையில் இருத்திப்போட்டு வந்தார் என்று விமலராணி மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, குழம்பிலும் உப்பில்லை. இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

போன கிழமை சனிக்கிழமை போட்டி. கரையில் நின்ற வடக்குப் பக்கத்துத் தகப்பன்மார், வெள்ளைக்காரனுக்கு விளங்காதுதானே என்று, இடப்பக்கம் குடு, வலப்பக்கம் ஓடு என்று தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் கத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாதிதான் விளங்கியது. நீக்கிலாசுக்கு முழுக்க விளங்கியது. விக்ரோரியா ரீச்சர் இடம் வலம் படிப்பித்திருந்தா. எந்தப் பக்கம் பந்து போகிறதோ அந்தப் பக்கம் மதில் மாதிரிப் போய் நின்றான். பாதி ஆட்டம் வரைக்கும் நாங்கள்தான் முன்னுக்கு. பிறகு அவர்களில் ஒரு கெட்டிக்காரன் இதைக் கண்டுபிடித்து, இடம் என்று கத்திப்போட்டு வலம் விடுகிற ஒழுங்குக்குத் தங்கள் பிள்ளைகளைப் பழக்கிவிட்டான். நீக்கிலாஸ் சொல்லை நம்புகிற பிள்ளை. கடைசி வரைக்கும் பிழையான பக்கமே ஓடினான். தோற்றுப்போனோம். தமிழ் தெரிந்ததால் தோற்ற முதல் வெள்ளைக்காரன் அவனாகத்தான் இருப்பான்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் உமது கடிதம். இலங்கை முத்திரையில் இருக்கிற சிங்கத்தைக் கண்டு நின்ற நிலையிலேயே உறையைக் கிழித்தேன். மகனும் மருமகளும் வேலையில். வாசியடா என்று றொபினிடம் கொடுத்தேன். அவன் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் நாலு கிண்ணம் வாங்கினவன். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் தெரிந்தது, அவ்வளவும் தாய் சொல்லக் கேட்டுப் பாடமாக்கினது. அவனும் என்னைப் போலத்தான். கோணேசன் மாஸ்டருக்கு ரெலிபோன் எடு என்றேன். அவர் இன்னும் மைதானத்தில் நின்று சண்டை.

அப்போது, றொபினோடு கூட வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நீக்கிலாஸ், தாத்தா, நான், என்றான்.

அவனுக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, சேற்றுக்குள் வண்டில் இழுக்கிற மாதிரி இழுத்தான். உமது பெயர் வந்தது. தங்கச்சி பெயர் வந்தது. நாங்கள் சுகம் என்று வந்தது. பிறகு ஜெயரூபன் என்று உம்முடைய கடைக்குட்டியின் பெயரை வாசித்தான். வாசித்துப்போட்டு, தாகம் என்று எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனான். மச்சான், பெயரைச் சொல்லிவிட்டுச் சேதியைச் சொல்லாமல் ஒருவன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து வாசித்தான். ஜெயரூபனை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள், இடம் சொல்லவில்லை, நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர். அதிலே ஒரேயொரு சொல் அவனுக்கு விளங்கிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. தாத்தா, பள்ளிக்கூடம், நல்லம், என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஓம் தம்பி, நல்லம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பதினேழு வயதுப் பிள்ளை வேலி தாண்டி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவான் என்று எனக்கும் தெரியும், விமலராணிக்கும் தெரியும். கடிதத்தை அவள் இரவு இன்னொருதரம் வாசித்தாள், ஒரு எழுத்தும் மாறவில்லை. முதல் ஒரு பக்கத்தார் வீட்டில் வந்து அவனைத் தங்கள் அணிக்கு எடுத்தார்கள். இப்போது மற்றப் பக்கத்தார் தங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு தரமும் அவனையும் கேட்கவில்லை, என் தங்கச்சியையும் கேட்கவில்லை. நான் இதை றக்பிக் கணக்கில்தான் சொல்கிறேன்.

அங்கே வருகிற பாதர் மூலம் பால்மாவும் சவர்க்காரமும் தங்கச்சிக்குக் கண்ணாடியும் வரும். அவ கண்ணாடி இல்லாமல் கூடாரம் மாறிப் போய்விடுவா, பார்த்துக்கொள்ளும். உமது இடது காலை ஈரத்தில் வைக்க வேண்டாம்.

ஒரேயொரு விண்ணப்பம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய ஆட்களை எப்போதாவது காணக் கிடைத்தால் தாழ்மையாகச் சொல்லும். இந்தக் கடிதத்தை இடையில் வாசிக்கிற ஐயாமாருக்கும் அதே விண்ணப்பம்தான். ஒடென்சேயில் ஒரு எழுத்தறியாத கிழவன் எழும்பி நிற்க, இரண்டு பக்கமும் கை தூக்கிப் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு. ஆட்டம் முடிந்தது என்று வைகாசியில் உலகம் முழுக்க ரீவியில் சொன்னார்கள். நானும் பார்த்தேன்.

ஜெயரூபன் வந்ததும் அவன் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லும். பெரிய எழுத்தாக எழுதட்டும். வாசிக்க இங்கே ஆள் இருக்கிறது.

உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரைக்குக் கீழே நினைத்துக்கொண்டு செபிக்கிற,
குருசுமுத்து