கல் இல்லை, குமிழி

மதிப்புக்குரிய பர்வினா அக்காவுக்கு,

மவ்ஜூதாவின் சலாம். தலைநகர் துஷான்பேக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தீர்கள் என்று அணை டிரைவர் சொன்னார். விசாரணைக்கு வந்த இஞ்சினியரான நீங்கள் எங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டதை இங்கே சிலர் குறை பேசுகிறார்கள். பேசட்டும்.

என் கொழுந்தன் ஹிக்மத் அணை மின்நிலையத்தின் டர்பைன் குழியில் மூழ்கிச் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வெள்ளத்தில் வந்த கல்தான் டர்பைனை உடைத்தது, கல்லைத் தடுக்கும் கம்பி வலையை இறக்காமல் விட்டது அவன்தான் என்று நிர்வாகம் ஊரெல்லாம் சொல்லிவிட்டது. அவன் மனைவி நிகோரா வயிற்றுப் பிள்ளையோடு வெளியே போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் என் கணவர் குத்ரத்தும் அதையே நம்புகிறார். போனில் செத்தவனைத் திட்டுகிறார். "வலையை இறக்குடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த மடையன் கேட்டானா?" என்று கத்திவிட்டு அழுகிறார்.

நீங்கள் வந்துதான் கல் இல்லை என்றீர்கள். டர்பைன் தகட்டில் கீறலே இல்லை, தந்தூர் ரொட்டி மாதிரி பொத்தல் பொத்தலாக அரித்திருக்கிறது, இது குமிழியின் வேலை என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. குமிழியாவது, இரும்பைத் தின்பதாவது! தேநீர்க் கிண்ணத்தைக் கலக்கிக் காட்டினீர்கள். குமிழிகளெல்லாம் ஓடிப்போய்ச் சுழலின் நடுவில் ஒட்டிக்கொண்டன. மதகைப் பாதி சாத்தினால் தண்ணீர் முறுக்கிக்கொண்டு இறங்கும், குமிழிகள் நடுவில் கயிறாகத் திரளும், அந்தக் கயிறு சுழன்று சுழன்று குழாயை அடிக்கும் என்றீர்கள். ஹிக்மத் நின்ற இடத்தில் குழாயின் மூடி அப்படித்தான் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அன்று நான் உங்கள் எதிரில் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனது அதனால்தான்.

பாதி சாத்தச் சொன்னது யார் என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களிடம் மறைக்க மாட்டேன். கீழே கடகடவென்று சத்தம் கேட்டதும் ஹிக்மத் தன் அண்ணன் குத்ரத்தைப் போனில் கூப்பிட்டு, போனைக் குழாய்மேல் வைத்துக் கேட்கச் சொன்னான். அந்தக் குழியில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். "டேய், கல்லுடா அது. வெள்ளம் வந்தா வர்ற விருந்தாளி. பாதி சாத்து, அடங்கிடும்" என்று சிரித்தாராம். சத்தம் கேட்டால் பாதி சாத்துவது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். "அண்ணி, அண்ணனே சொல்லிட்டார், பாதி சாத்துங்க" என்று ஹிக்மத் கீழேயிருந்து சொன்னான். அன்று கட்டுப்பாட்டு அறை வேலையில் நான் இருந்தேன். சாத்தினேன்.

ஹிக்மத்தின் நாற்பதாம் நாள் சடங்குக்குக் குத்ரத் வருகிறார். உங்கள் அறிக்கையைப் படித்த நிமிஷமே புரிந்துகொள்வார். தம்பியைத் திட்டிக்கொண்டாவது இப்போது உயிரோடு இருக்கிறார். கொன்றது தன் வார்த்தை என்று தெரிந்தால் ஆற்றுப் பக்கம் போகிறவர் வீடு திரும்ப மாட்டார்.

அதற்காக ஹிக்மத்தின் பெயர் கெட்டுக் கிடக்க விடவும் என்னால் முடியாது. குமிழியைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வலை இறங்கித்தான் இருந்தது என்றும் எழுதுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹிக்மத் தன் அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்பே நானாகவே மதகைப் பாதி சாத்திவிட்டேன் என்று போடுங்கள். யார் கேட்டாலும் நான் அதையே சொல்வேன். வேலை போகும், வழக்கும் வரும். அவர் என் முகத்தில் விழிக்காமலும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா.

இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். என் பெயரை எழுதும் உங்கள் கை நோகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மவ்ஜூதா